மண்ணுக்கு எழுதிய கணக்கு



சென்ற மாத ஒலிபரப்பில் நான் பேசியதை எழுத்தில் தரும்படி சிலர் கேட்டிருந்தீர்கள். நான் விஞ்ஞானி அல்லன். வணிகப் பட்டதாரி, பிறருடைய கணக்குப் புத்தகங்களைப் பார்த்துச் சீவிப்பவன். ஆகவே இந்த வரலாற்றையும் ஒரு கணக்காளனின் கண்ணாலேயே பார்க்கிறேன்.

இலண்டனுக்கு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரத்தில் ஹார்ப்பெண்டன் என்ற ஊரில் ரொதம்ஸ்ரெட் பண்ணை இருக்கிறது. அதன் உரிமையாளர் ஜோன் பெனற் லோஸ். எலும்பு போன்றவற்றைச் சல்பூரிக் அமிலத்துடன் சேர்த்து 'சுப்பர் பொசுபேற்று' பசளை செய்யும் முறைக்கு 1842இல் ஆக்கவுரிமை பெற்று, இலண்டன் டெப்ற்போர்ட்டில் தொழிற்சாலை நடத்தியவர்.

1843இல் ஜோசப் ஹென்றி கில்பேர்ட் என்ற இரசாயனவியலாளரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, 'புரோட்போல்க்' என்ற வயலில் அவர் கோதுமை விதைத்தார். வயலை நீண்ட துண்டுகளாகப் பிரித்தார்கள். ஒரு துண்டுக்கு ஒன்றுமே இடவில்லை. ஒன்றுக்கு ஆண்டுதோறும் ஹெக்டேயருக்கு 35 தொன் தொழுவெரு. மற்றவற்றுக்கு நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் முதலியவை வெவ்வேறு சேர்க்கைகளில். சில ஆண்டுகளில் நிலைபெற்ற இந்த ஏற்பாடு, சிற்சில மாற்றங்களோடு இன்றும் தொடர்கிறது. உலகில் இத்தனை காலம் தொடர்ந்து நடக்கும் வேறு பயிர்ப் பரிசோதனை இல்லை.

பசளை விற்பவரே பசளையைச் சோதிக்கிறார் என்றால் எந்தக் கணக்காய்வாளனுக்கும் சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் முடிவைப் பாருங்கள். பயிர் தனக்கு வேண்டிய நைதரசனைக் காற்றிலிருந்தே பெற்றுக்கொள்ளும், மண்ணுக்குக் கனியுப்புகளைத் திருப்பிக் கொடுத்தாற் போதும் என்று ஜேர்மனிய அறிஞர் லீபிக் வாதாடினார். புரோட்போல்க் வேறு கதை சொன்னது. நைதரசன் இல்லாமல் பொசுபரசும் பொற்றாசியமும் மட்டும் பெற்ற கோதுமை, ஒன்றும் பெறாத கோதுமையைவிடக் கொஞ்சமே கூட விளைந்தது. தான் விற்கும் சரக்கு தனியே கோதுமைக்குப் போதாது என்று தன் வயலே காட்டியதை லோஸ் மறைக்கவில்லை, அச்சிட்டு வெளியிட்டார்.

என்னை அதிகம் கவர்ந்தது வேறொன்று. 1849இல் அந்தத் துண்டுகளின் அடியில் மண் குழாய்கள் பதித்து நீரை வடிய விட்டார்கள். 1860களில் அந்த வடிநீரைச் சேகரித்துப் பரிசோதித்தபோது, நைதரசன் கூட இட்ட துண்டுகளிலிருந்து நைத்திரேற்றும் கூடுதலாக வெளியேறுவது தெரிந்தது. வரவு, செலவு என்ற இரண்டு நிரல்களோடு 'கசிவு' என்று மூன்றாவது நிரல் ஒன்று எழுதப்பட்டது. இயற்கை எருவுக்குக் கசிவில்லை என்று எண்ணிவிடவும் கூடாது. தொழுவெரு இட்ட துண்டில் மண்ணின் கரிமச் சத்து எருவிடாத துண்டைவிட இரு மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. ஆனால் அங்கிருந்தும் நைத்திரேற்று நிறையவே கசிந்தது.

1872இல் லோஸ் பசளை வியாபாரத்தை விற்றார். 1889இல் 100,000 பவுண் ஒதுக்கி, ஆய்வு தமக்குப் பின்னும் நடக்க ஓர் அறக்கட்டளை அமைத்தார். 1900இல் அவர் காலமாக, மறு ஆண்டு கில்பேர்ட்டும் காலமானார். 57 ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்த இருவர்! 1919இல் அந்தப் பழைய பதிவேடுகளை ஆராய வந்த றொனால்ட் பிஷர் என்ற இளைஞர், அங்கிருந்தே நவீன புள்ளிவிபரவியலின் அடிப்படைகள் பலவற்றை உருவாக்கினார். மண்ணும் தானியமும் வைக்கோலுமாக ஏறத்தாழ 300,000 மாதிரிகள் அங்கே போத்தல்களிலும் தகரங்களிலும் பாதுகாக்கப்பட்டுள்ளன.

இதைப் படித்தபோது எனக்கு ஐயாவின் நினைவு வந்தது. வலிகாமத்தில் எங்களுக்குப் பத்துப் பரப்புத் தோட்டம். 1970களில் வெங்காயம், மிளகாய் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு நல்ல விலை கிடைத்தது. ஐயா ஒரு நீலக் கொப்பியில் எல்லாவற்றையும் எழுதுவார்: விதை வெங்காயம், யூரியா, இறைப்புக்கு மண்ணெண்ணெய், கூலி, விற்ற காசு. கணக்கு நான் முதலில் படித்தது அந்தக் கொப்பியில்தான்.

அதில் ஒரு நிரல் இருக்கவில்லை. எங்கள் நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புக்கல். பயிர் எடுக்காத நைத்திரேற்று நிலத்தடி நீரில் சேர்ந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். குடாநாட்டின் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அதற்கு மேல் இருந்ததை ஆய்வுகள் பின்னர் காட்டின. தோட்டத்துக்கு இறைத்த கிணற்றிலேதான் நாங்கள் குடிக்கவும் அள்ளினோம். ஐயாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இலாபம் என்று அவர் கூட்டி எழுதிய தொகை அவர் அறிந்த மட்டில் சரியானதே.

1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் அந்தக் கொப்பி வீட்டோடு போய்விட்டது. அது இன்று கையில் இருந்தால், எந்த வருடம் எவ்வளவு யூரியா போட்டோம் என்றாவது ஒருவருக்குச் சொல்லலாம்.

நேயர்களே, உங்கள் வீடுகளில் பெற்றோர் எழுதிய தோட்டக் கணக்கோ வயற் கணக்கோ இருந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். நிலையத்துக்குத் தெரியப்படுத்துங்கள், பிரதி எடுத்துவிட்டுத் திருப்பித் தருவோம். அவற்றை ஒரு நாள் ஒலிபரப்பில் ஒன்றாகப் பார்ப்போம்.