துதிக்கை தூக்கிய எழுத்து

அண்மையில் வந்த திருமண அழைப்பிதழ் ஒன்றில் மணமக்களின் பெயர்கள் சாய்ந்தும் சுழித்தும், கையால் எழுதியது போன்ற அச்செழுத்தில் இருந்தன. கண்ணுக்கு விருந்துதான். ஆனால், மணமகளின் பெயரை இருமுறை எழுத்துக்கூட்டியே அறிந்தேன். நாளும் நேரமும் மண்டபமும் நல்லவேளையாகச் சாதாரண எழுத்தில் இருந்தன!

அச்சு கையெழுத்தைப் பின்பற்றுவது புதிதன்று. 1501இல் வெனிஸ் நகர அச்சாளர் அல்துஸ் மனூத்தியுஸ், வேர்ஜிலின் கவிதைகளைக் கைக்கடக்கமான நூலாக வெளியிட்டபோது, சாய்ந்த கையெழுத்தை ஒத்த அச்சுகளைப் பிரான்சிஸ்கோ கிரிபோவைக் கொண்டு வெட்டுவித்தார். முழு நூலும் அவ்வெழுத்திலேயே அச்சாயிற்று. பிற்காலத்தில் அது, அழுத்திச் சொல்லவேண்டிய சொற்களுக்கென ஒதுங்கிக்கொண்டது.

தமிழிலோ முதல் அச்செழுத்தே கையெழுத்துத்தான். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' ஏட்டெழுத்தையே பின்பற்றியது. ஓலையின் நரம்போடு எழுத்தாணியால் நேர்கோடு இழுத்தால் ஓலை கிழியும், ஆகவே வளைத்தெழுதினர். புள்ளி குத்தினால் பொத்துப்போகும். ஆகவே புள்ளியை விட்டனர். ஈயத்துக்கு இந்த அச்சமெல்லாம் இல்லை. ஆயினும், அச்சு வெட்டியவர் முன்னே மாதிரியாக இருந்தது ஏட்டுக் கைதானே!

வாசிப்பவர் பாடு என்ன? ஏட்டில் 'எரி', 'ஏரி' இரண்டும் ஒன்றே. ரகரத்துக்கும் ஆகாரக் காலுக்கும் வேறுபாடில்லை. புள்ளியுமில்லாதபோது 'மரம்' என்பதை 'மாம' என்றும் வாசிக்கலாம். எகர ஏகாரக் குழப்பத்தைத் தீர்க்க வீரமாமுனிவர் வழிகண்டது 18ஆம் நூற்றாண்டில்.

அந்நூற்றாண்டில் நமது கொழும்பிலும் தமிழ் அச்சு நடந்தது. கொச்சிக்கடைக்கு அண்மையிலுள்ள வுல்வெந்தால் ஒல்லாந்தர் தேவாலயம் திறக்கப்பட்டது 1757இல். கொழும்பில் பிறந்த பிலிப்பு தெ மெல்லோவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு இங்கு அச்சேறியது 1759இல். பழைய இலக்கியங்களோ இன்னும் ஓலையிலேயே கிடந்தன. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தபோது, ஏட்டிலில்லாத புள்ளியை இட்டு, குறிலோ நெடிலோ என்று தேர்ந்தே அச்சுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு பாடத்தீர்மானம்.

கையோட்டத்தில் பிறந்த சில வடிவங்கள் மாத்திரம் அச்சிலும் நெடுநாள் நிலைத்தன. 'ணை, லை, ளை, னை' ஆகியவற்றின் தலையில் யானைத் துதிக்கைபோல் எழுந்த வளைவு அவற்றுள் ஒன்று. பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் அவற்றை விலக்கினார். தமிழக அரசு 1978இல் சீர்திருத்த வடிவங்களுக்கு ஆணை பிறப்பித்தது. அச்சுக்கோப்பவரின் சுமை குறைந்தது உண்மையே. பாடநூலுக்கு அத்தெளிவு வேண்டும் என்பதே என் கட்சியும்.

ஆனால், அழைப்பிதழுக்கும் நூலின் முகப்புக்கும் அழகெழுத்து வரைவோர் ஆங்கிலச் சாய்வைத் தமிழின்மேல் ஏற்றுவானேன்? ஏட்டின் வளைவும் இந்தத் துதிக்கையும் நம்மிடமே இருக்கின்றனவே. என் தந்தையார் இன்றும் 'லை' எழுதும்போது துதிக்கையைத் தூக்கியே எழுதுவார். அவருடைய கடிதமொன்றை வகுப்பில் காட்டினேன். "சேர், இது என்ன எழுத்து?" என்றான் முன்வரிசை மாணவன். கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். மணி அடித்த பின்னரும் நாலைந்து பேர் அதைத் தம் கொப்பியில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.