பாதிப் பாட்டில் நின்ற பெட்டி



ஓசூரின் வரலாறு என்றால் எல்லோரும் தொழிற்சாலைகளைப் பட்டியல் போட்டுவிடுவார்கள். அந்தத் தொழிற்சாலைகளுக்கு ஷிப்டு பஸ்ஸில் போனவர்களின் காதில் பாடிய ஒரு சின்னப் பெட்டிக்கும் வரலாறு உண்டு. பாடியது என்பதைவிட, பாடும் என்று நம்ப வைத்துப் பாதியில் காலை வாரியது என்றால் பொருத்தமாக இருக்கும். ஆம், வாக்மேனைத்தான் சொல்கிறேன்!

பிறந்த கதை

ஒலிநாடாவைச் சின்ன பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்து, இன்று நாம் கேசட் என்று சொல்லும் வடிவத்தை பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் வெளியிட்டது. நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஓடும் வேகம் வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர்.

சோனி நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான மசாரு இபுகா, நீண்ட விமானப் பயணங்களில் பாட்டுக் கேட்க ஒரு சிறு கருவி வேண்டும் என்று கேட்டார். நிருபர்கள் பயன்படுத்திய சிறிய ரெக்கார்டரில் பதிவு செய்யும் பகுதியை எடுத்துவிட்டு, அதை ஸ்டீரியோவாக மாற்றினார்கள். 1979 ஜூலை 1-ம் தேதி ஜப்பானில் அது விற்பனைக்கு வந்தது. விலை 33,000 யென். பதிவு பண்ண முடியாத டேப்பை யாருய்யா வாங்குவாங்க என்ற சந்தேகம் கம்பெனிக்குள்ளேயே இருந்தது. ஆனால் முதலில் தயாரித்த 30,000 பெட்டிகளும் இரண்டே மாதத்தில் தீர்ந்துபோயின.

அதே காலத்தில் நம் ஊர்

1971-ல் தொடங்கிய சிப்காட், அன்றைய தர்மபுரி மாவட்டத்தின் ஓசூரைத் தொழில் நகரமாக்கியது. (கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004-ல்தான்.) 1980-ல் அசோக் லேலண்ட் தொழிற்சாலை வந்தது, அதே ஆண்டு டி.வி.எஸ். 50 மொபெட்டும் ஓசூரிலிருந்து சாலைக்கு வந்தது. டாடாவும் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன், 1987-ல் கைக்கடிகாரங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெங்களூர் நாற்பது கிலோமீட்டர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே டீக்கடையில் ஒலிக்கும் ஊர் இது.

அந்தப் பத்தாண்டில்தான் கேசட்டும் இந்தியா முழுக்கப் பரவியது. தெருவுக்குத் தெரு ரெக்கார்டிங் சென்டர். காலி கேசட்டையும் பாட்டு லிஸ்ட்டையும் கொடுத்தால், இரண்டு நாளில் நமக்குப் பிடித்த பாட்டெல்லாம் வரிசையாகப் பதிந்து வரும். கள்ளப் பதிவு பெருகியதால் 1984-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கடுமையாக்க வேண்டி வந்தது.

பாட்டு மலிவாகக் கிடைத்தது. நல்ல பெட்டி கிடைக்கவில்லை. அசல் வாக்மேனுக்கு இறக்குமதி வரி பயமுறுத்தியது. வளைகுடாவிலிருந்து வரும் சொந்தக்காரர் கொண்டு வந்தால் உண்டு. இல்லையென்றால் சென்னை பர்மா பஜார், அல்லது பெங்களூர்க் கடைவீதி. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1969-ல் உருவான பஜார் அது. அங்கெல்லாம் பேர் தெரியாத கம்பெனிப் பெட்டிகள் குவிந்து கிடந்தன. பில் கிடையாது, கியாரண்டி கிடையாது. கடையில் நன்றாகத்தான் பாடும். அட்டிபெலே செக்போஸ்ட் தாண்டுவதற்குள் இழுக்க ஆரம்பித்துவிடும்!

ஏன் ஏமாற்றியது?

மாணவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பென்சில் செல் இரண்டு போட்டால் 3 வோல்ட். அன்றைய சாதாரண செல்லில் வோல்டேஜ் சிறிது சிறிதாக இறங்கும். நல்ல பெட்டியில் மோட்டாரின் வேகத்தைச் சீராக வைக்கும் சுற்று இருந்தது. மலிவுப் பெட்டியில் அது பலவீனம். மோட்டார் தளர்ந்தால் பாட்டும் தளரும். பாடகி குரல் பாடகர் குரலாகிவிடும்.

அடுத்தது ரப்பர் பெல்ட். வெயிலில் தளர்ந்தது என்றால் வேகம் தடுமாறும். நாடாவை அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளை அழுக்கேறினால் நாடாவைச் சுற்றிக்கொள்ளும். 60 நிமிடக் கேசட்டைவிட 90 நிமிடக் கேசட்டின் நாடா மெல்லியது. காசுக்கு அதிகப் பாட்டு என்று நாம் வாங்கியதே பெட்டியில் சிக்கிக்கொள்ளும். பிறகென்ன, கேசட் துளையில் பென்சிலை விட்டுச் சுற்ற வேண்டியதுதான்!

இதே நேரத்தில் நம் ஊரிலேயே தயாரான குவார்ட்ஸ் கடிகாரம் ஒரு சின்ன செல்லில் ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஓடியது. அதன் மோட்டார் வினாடிக்கு ஒருமுறை மட்டும் அசையும்; வாக்மேன் மோட்டாரோ ஓயாமல் சுழல வேண்டும். எனவே இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் ஒன்று சொல்லலாம். கடிகாரம் கெட்டால் பதில் சொல்ல ஒரு பெயர் இருந்தது. பஜார் பெட்டிக்கு அது இல்லை.

பதிலாக மெக்கானிக் இருந்தார். நாலு திருகாணியைக் கழற்றி, பெல்ட்டை மாற்றி, ஹெட்டை ஸ்பிரிட்டில் துடைத்துக் கொடுப்பார். உதிரிப் பாகம் இல்லையென்றால் பெங்களூர் எஸ்.பி. ரோடுக்குப் பஸ் ஏறினால் போதும்.

நாடா போனது, ஏமாற்றம் போகவில்லை

நாடாவே இல்லாத பெட்டி வந்தால் தொல்லை தீரும் என்று நினைத்தோம். 2001-ல் ஆப்பிளின் ஐபாட் வந்தது. அதன் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துபோகிறது என்று அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள். 2005-ல் ஆப்பிள் சமரசத்துக்கு வந்து இழப்பீடு தர ஒப்புக்கொண்டது.

அதைவிட விசித்திரம் மைக்ரோசாஃப்டின் ஜூன் பெட்டி. 2008 டிசம்பர் 31 அன்று 30 ஜிகாபைட் ஜூன் பெட்டிகள் ஒட்டுமொத்தமாக உறைந்து நின்றன. காரணம் பாட்டும் இல்லை, பேட்டரியும் இல்லை. உள்ளே இருந்த கடிகார நிரல்! நாள் எண்ணிக்கை 365-ஐவிட அதிகமா? ஆம். லீப் ஆண்டா? ஆம். 366-ஐவிட அதிகமா? இல்லை. சரி, மறுபடி முதல் கேள்வி... இப்படிச் சுற்றிச் சுற்றி வந்து அப்படியே நின்றுவிட்டது. பேட்டரி தீரும்வரை விட்டு, மறுநாள் மீண்டும் இயக்குங்கள் என்பதுதான் கம்பெனி சொன்ன வைத்தியம். லீப் ஆண்டின் கடைசி நாளை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. நாலு வரி நிரல், ஆயிரக்கணக்கானோர் ஏமாற்றம்.

ஜப்பானில் கேசட் வாக்மேன் தயாரிப்பை சோனி 2010-ல் நிறுத்தியது. 2022-ல் ஐபாடும் முடிவுக்கு வந்தது. பாட்டு செல்போனுக்குள் போய்விட்டது. அந்த செல்போனின் பாகங்கள் இன்று ஓசூர் அருகிலேயே தயாராகின்றன. டாடா எலெக்ட்ரானிக்ஸ் இங்கே ஐபோனுக்கான பாகங்களைச் செய்கிறது. ஒரு காலத்தில் பில் இல்லாத பெட்டியை வாங்கி ஏமாந்த ஊர், இன்று உலகம் வாங்கும் பெட்டிக்குப் பொறுப்பேற்கும் ஊர்!

இளைய நண்பர்களே, உங்களில் பலர் அந்தத் தொழிற்சாலைகளின் தரச் சோதனைப் பிரிவுக்குப் போவீர்கள். உங்கள் கையைக் கடந்து போகும் ஒவ்வொரு பாகமும் யாரோ ஒருவர் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கப் போவது. லீப் ஆண்டின் 366-ம் நாளையும் சோதியுங்கள். கெட்டுப்போனால் திறந்து சரிசெய்ய வழி இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

மூத்த நண்பர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பரணில் கிடக்கும் கேசட்டுகளில் சினிமாப் பாட்டு மட்டும் இல்லை. கல்லூரி ஆண்டு விழாப் பேச்சு, மறைந்த ஆசிரியர்களின் குரல், அப்பா அம்மாவின் குரல் எல்லாம் இருக்கலாம். அவற்றை ஓட்டும் பெட்டிகளும், பழுது பார்க்கும் மெக்கானிக்குகளும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள். நம் சங்கம் ஒரு நாள் ஒதுக்கி, ஓடுகிற ஒரு டேப்ரெக்கார்டரை வைத்து, அந்தக் குரல்களைக் கணினிக்கு மாற்றினால் என்ன? பெட்டி ஏமாற்றினாலும் பாட்டு போய்விடக் கூடாதல்லவா!