காது குத்தும் தொழில்: பத்தர் பட்டறையிலிருந்து பியர்சிங் நிலையம் வரை

முன்னுரை

தமிழர் அணிகலன்கள் குறித்து ஆய்வுகள் பல வெளிவந்துள்ளன. குழை, தோடு, கடிப்பிணை, கடுக்கன், பாம்படம் என ஒவ்வொரு காதணிக்கும் சான்றுகள் தேடித் தொகுக்கப்பட்டுள்ளன. ஆயின் அவ்வணியைத் தாங்கும் துளையை இட்டவர் யார், எக்கருவியால் இட்டார், புண் ஆறும்வரை அதற்குப் பொறுப்பேற்றவர் யார் என்னும் வினாக்கள் போதிய அளவில் எழுப்பப்படவில்லை.

பெங்களூரின் தென்கிழக்கே ஓசூர் சாலையில், சில்க் போர்டு சந்திப்புக்கும் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் இடையே அமைந்துள்ளது பொம்மனஹள்ளி. 2007ஆம் ஆண்டு பெருநகர மாநகராட்சியுடன் இணைக்கப்படும்வரை இது தனி நகரசபையாக விளங்கியது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் உழைப்போரும் மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரிவோரும் அருகருகே வாழும் இப்பகுதியில் தமிழ்க் குடும்பங்களும் வாழ்கின்றன. இத்தகைய குடும்பத்துக் குழந்தைக்கு ஊரிலுள்ள குலதெய்வக் கோயிலில் பத்தர் காது குத்தலாம். நகைக்கடையில் விசைக்கருவியால் குத்தலாம். வளர்ந்தபின் அதே பிள்ளை பியர்சிங் நிலையத்தில் ஊசியால் மூக்கிலோ காதின் மேல்மடலிலோ துளையிட்டுக்கொள்ளலாம். இம்மூன்றையும் ஒரே தொழிலின் வரலாறாகக் காண இக்கட்டுரை முற்படுகிறது.

பழஞ்சான்றுகள்

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை மாதவியின் அணிகளை வரிசைப்படுத்துகையில் காதணியையும் குறிப்பிடுகிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் தோடு, வாளி முதலிய பெயர்கள் பயில்கின்றன. தென்திருப்பேரையில் திருமால் மகரநெடுங்குழைக்காதர் என்றே பெயர் பெற்றுள்ளார். இவையனைத்தும் அணியைச் சொல்வன. துளையிடும் முறையைச் சொல்வன அல்ல.

துளையிடும் முறையை விரிவாகக் கூறும் பழைய நூல் சுசுருத சம்ஹிதை ஆகும். அதன் சூத்திரத்தானத்து 16ஆம் இயல் இதற்கெனவே அமைந்தது. ஆறாம் அல்லது ஏழாம் மாதத்தில் குழந்தையை மடியில் இருத்தி, விளையாட்டுப் பொருள் காட்டித் தேற்றி, இடக்கையால் காதை இழுத்துப் பிடித்து, கதிரவன் ஒளி ஊடுருவும் இடத்தில் நேராகக் குத்தவேண்டும் என்கிறது அந்நூல். மெல்லிய மடலுக்கு ஊசியும் தடித்த மடலுக்குக் குத்தூசியும் கூறப்படுகின்றன. குருதியும் வலியும் மிகுந்தால் இடம் தவறியது என்று அறியவேண்டும். துளையில் பஞ்சுத்திரி இட்டு எண்ணெய் வார்த்து, மூன்று நாளைக்கு ஒருமுறை திரியைப் பருமனாக்க வேண்டும். குத்துவதைவிடக் குத்தியபின் காப்பதற்கே அந்நூல் மிகுந்த இடம் தருவது நோக்கத்தக்கது.

பத்தரின் கை

தமிழகத்தில் இப்பணி மருத்துவரிடம் அன்றிப் பொற்கொல்லரிடமே நிலைபெற்றது. தாய்மாமன் மடியில் குழந்தையை இருத்துவர்; சந்தனத்தாலோ குங்குமத்தாலோ இடம் குறிக்கப்படும்; முனை கூராக்கிய பொற்கம்பியால் பத்தர் குத்துவார்; அக்கம்பியையே வளைத்து முறுக்கி அணியாக்கிவிடுவார். துளையிடும் கருவியும் துளையில் நிற்கும் அணியும் ஒன்றாக இருந்தமையே இம்முறையின் சிறப்பு. பின்னர் எண்ணெய் இடுதலும், கம்பியை நீக்க நேர்ந்தால் துளை தூராதிருக்க வேப்பங்குச்சி செருகுதலும் வீட்டுப் பெண்கள் அறிந்த பக்குவங்கள். அரிசி, வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், காணிக்கை ஆகியன தட்டில் வைத்துப் பத்தருக்கு அளிக்கப்பட்டன.

மங்கல நிகழ்வில் முன்னிற்கும் இக்கைக்குச் சமூகம் அளித்த மதிப்போ முரண்பட்டது. கொங்கு நாட்டுக் கருவூர்க் கல்வெட்டு ஒன்று, வெங்கால நாட்டுக் கம்மாளருக்கு இரட்டைச் சங்கு ஊதவும், வெளியே செல்கையில் செருப்பு அணியவும், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசவும் அரச ஆணையால் உரிமை வழங்குவதைத் தெரிவிக்கிறது. செருப்பணிவதற்கே அரசாணை வேண்டியிருந்த தொழிற்குடியைச் சேர்ந்தவரே பொற்கொல்லரும் என்பதை அணிகலன் வரலாறு மறத்தலாகாது.

தென்பாண்டிப் பகுதியில் துளையிடுதல் காது வளர்த்தலாக விரிந்தது. துளையைப் படிப்படியாகப் பெருக்கித் தண்டட்டி, பாம்படம் அணிந்தனர். எட்கர் தர்ஸ்டன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வழக்கத்தைப் பதிவு செய்துள்ளார். பின்னர் நாகரிகம் மாறியபோது வளர்த்த காதை அறுத்துத் தைத்துக்கொண்ட பெண்களும் உண்டு. அறுந்த காதை ஒட்டவைக்கும் முறைகள் சுசுருத சம்ஹிதையிலேயே இடம்பெற்றுள்ளன என்பது இங்கு நினைக்கத்தக்கது.

பட்டறையின் தளர்ச்சியும் விசைக்கருவியும்

1963ஆம் ஆண்டின் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேற்பட்ட தங்கத்தில் புதிய நகை செய்வதைத் தடுத்தன. பொற்கொல்லர் பலர் வாழ்விழந்தனர். 1968இல் இயற்றப்பட்ட தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990இல்தான் நீக்கப்பட்டது. அதன்பின் பெருங்கடைகள் பெருகின. ஆயத்த நகை வந்தது. பட்டறைக்கு வருவோர் குறைந்தனர்.

பட்டறையின் இடத்தை நிரப்பியவற்றுள் விசைக்கருவியும் ஒன்று. வில்விசையின் உந்துதலால் தோட்டின் தண்டையே காதினுள் செலுத்துவது இக்கருவி. விரைவும் எளிமையும் இதன் நன்மைகள். ஆயின் ஊசிபோல் அறுக்காமல் மொண்ணையான தண்டு தசையை நசுக்கிச் செல்கிறது. நெகிழியால் ஆன பகுதிகளை நீராவிக் கலத்தில் இட்டுக் கிருமி நீக்க இயலாது. மென்மடலில் பெரிதும் தீங்கு செய்யாத இம்முறை குருத்தெலும்பில் இடர் தருகிறது. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஒரே கடையில் காதின் மேல்மடலில் துளையிட்டுக்கொண்ட பலருக்குச் சூடோமோனாஸ் தொற்று ஏற்பட்டமை மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது. அனைத்திற்கும் மேலாக, குத்தியவருக்கும் குத்திக்கொண்டவருக்கும் இடையிலிருந்த தொடர்பை இம்முறை அறுத்தது. புண் சீழ்பிடித்தால் சென்று கேட்கப் பத்தர் என ஒருவர் இல்லை.

பியர்சிங் நிலையம்

இன்றைய பியர்சிங் நிலையம் மேலைநாட்டு வரவு என்றே கருதப்படுகிறது. இக்கருத்து பாதி உண்மையே. ஜிம் வார்டு என்பவர் 1975இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தொடங்கிய காண்ட்லெட் நிறுவனம் அணி செய்தலையும் துளையிடுதலையும் ஒருங்கே நடத்தியது. பத்தர் பட்டறையின் அமைப்பும் அதுவே. அவ்வியக்கத்தின் மற்றொரு முன்னோடியான ஃபக்கீர் முசாஃபர், 1985இல் வெளிவந்த ஆவணப்படத்தில் உடலெங்கும் அலகு குத்திக் காவடி சுமந்து தோன்றினார். பழனியிலும் பத்துமலையிலும் தமிழர் நேர்த்திக்கடனாகச் சுமக்கும் காவடி, இவ்வாறு வேறொரு பொருளில் அந்நாட்டு உடல் துளையிடும் கலைக்கு ஊற்றாயிற்று. நோன்பும் வேண்டுதலும் நீங்கிய வடிவம் அது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நிலையத்தில் நிகழ்வன மரபை நினைவூட்டுகின்றன. முதலில் இடம் குறிக்கப்படுகிறது. கண்ணாடியில் காட்டி ஒப்புதல் பெறப்படுகிறது. ஒருமுறை மட்டும் பயன்படும் உட்குழல் ஊசி, உறை பிரித்து வாடிக்கையாளர் முன்னிலையில் எடுக்கப்படுகிறது. மற்றக் கருவிகள் 121 பாகை செல்சியசில் நீராவி அழுத்தத்தில் தூய்மையாக்கப்படுகின்றன. நிக்கல் ஒவ்வாமையைத் தவிர்க்க டைட்டானிய அணி இடப்படுகிறது. மென்மடல் ஆற ஆறு முதல் எட்டு வாரமும் குருத்தெலும்பு ஆற ஆறு மாதம் முதல் ஓராண்டும் ஆகலாம் என்பதும், உப்புநீரால் கழுவும் முறையும் எடுத்துரைக்கப்படுகின்றன. வீக்கம் தணிந்தபின் குறுகிய அணியை மாற்ற மீண்டும் அழைக்கப்படுகின்றனர். பொருந்தாத இடத்தில் துளையிட மறுப்பதும் இத்தொழிலின் கடமையே. வருவாய் விரைவில் இல்லை, நம்பிக்கையில் உள்ளது.

பத்தரின் முறை குறையற்றது என்று கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரே குறடு பல காதுகளைத் தீண்டியது. கிருமி பற்றிய அறிவு அன்று இல்லை. மாறவேண்டியது அத்தூய்மை முறை. மாறக்கூடாதது துளைக்குப் பொறுப்பேற்கும் மனம். நல்ல நிலையம் முன்னதை மாற்றிப் பின்னதை மீட்கிறது எனலாம்.

பெயரின் சிக்கல்

பத்தர், தட்டார், ஆசாரி என்பன பொன்வேலை செய்வோர் பெயர்கள். காது குத்துவோரைக் குறிக்கத் தனிப்பெயர் வழக்கில் வேரூன்றவில்லை. பச்சை குத்தியவர் குறத்தியர். காது குத்தியவர் பத்தர். இன்று அவ்விரு தொழில்களும் ஒரே கூரையின்கீழ் நடைபெறுகின்றன. செய்வோர்க்குத் தமிழ்ப்பெயர்தான் இல்லை. கன்னடத்தில் பொற்கொல்லரை அக்கசாலிகர் என்பர். தமிழிலும் அக்கசாலையர் என்னும் சொல் உண்டு. கொற்கைக்கு அருகே அக்கசாலை என்னும் ஊரும் உண்டு. பொம்மனஹள்ளியில் அண்டை வீட்டார் வழங்கும் கன்னடச் சொல்லில் நாம் மறந்த சொல் உயிர்வாழ்கிறது.

முடிவுரை

காதணியின் வரலாறு பொன்னின் வரலாறு மட்டுமன்று. துளையிட்டு, அது ஆறும்வரை காத்த கையின் வரலாறும் ஆகும். பியர்சிங் நிலையத்தைப் பண்பாட்டுச் சிதைவு என ஒதுக்குவோர், பத்தர் பட்டறை தளர்ந்தபோது அமைதி காத்ததையும் எண்ணிப் பார்க்கவேண்டும். எஞ்சியுள்ள முதிய பத்தர்களிடம் கருவிப் பெயர்களும் பக்குவங்களும் கேட்டுப் பதிவு செய்யப்படவேண்டும். அப்பதிவு, இன்று ஊசி ஏந்தும் இளைஞர்க்குத் தம் தொழிலின் முன்னோரை அறிமுகப்படுத்தும்.