இரு மாணவர்க்கு ஓர் ஆசான்: பயிற்றுநர் டிறேக்கின் வரலாறு

மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் எழுவான்கரையிலே, செட்டிபாளையம் முதலாய ஊர்களிற் பிறந்தார்க்குப் போட்டி என்பது புதியதொன்றன்று. கண்ணகியம்மன் வழிபாட்டோடு இணைந்த கொம்பு விளையாட்டிலே வடசேரி, தென்சேரி என ஊர் இரண்டாய்ப் பிரியும். வளைந்த கொம்புகளைக் கொளுவி, ஒரு பக்கத்துக் கொம்பு முறியும்வரை இருசாராரும் இழுப்பர். ஆரவாரம் எத்துணைப் பெரிதாயினும் இரு சேரியார்க்கும் கோயில் ஒன்றே. கோயில் எப்பக்கமும் சேர்வதில்லை.

கல்லூரிகளில் மெய்வல்லுநரைப் பயிற்றும் ஆசானின் நிலையும் இத்தகையதே. ஒரே களத்தில், ஒரே பரிசுக்காகத் தம் மாணவர் இருவர் ஒருவரையொருவர் எதிர்த்து நிற்பின், அவர் யார் பக்கம் நிற்பது? இவ்வினா பழையது. பாரதக் கதையிலே துரோணர் அருச்சுனனை ஒப்பற்ற வில்லாளனாக்கும் பொருட்டு ஏகலைவனின் கட்டைவிரலைக் காணிக்கையாகப் பெற்றார். கற்பித்தலில் அவர்க்கு நிகரானவர் அரியர். ஆயினும் அவ்விரல் அவர் புகழில் நீங்காத கறையாயிற்று. நன்னூலாரோ, ஆசிரியர்க்கு நிலத்தையும் மலையையும் மலரையும் உவமை கூறியதோடு அமையாது, நிறைகோலையும் உவமையாக்கினார். ஐயமற அளந்து காட்டலும் எப்பக்கமும் சாயாது நடுநிற்றலும் கோலின் இயல்பு. அவ்வியல்பு விளையாட்டுக் களத்திலே உண்மையாய் விளங்கியதற்குச் சான்று ஒன்றை 1960 ஆம் ஆண்டு உரோமை நகரிற் காண்கிறோம். அதற்கு உரியவர் எல்வின் டிறேக் என்னும் அமெரிக்கப் பயிற்றுநர். மாணவர் அவரை 'டக்கி' என்றே அழைத்தனர்.

1903 இற் பிறந்த டிறேக், இன்று லொஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் என வழங்கும் கழகத்தில், அது இளங்கழகமாய் இருந்த 1920களில் மாணவராய்ச் சேர்ந்தார். அக்காலத்தில் ஒரு மைல் ஓட்டத்திலும், வயலும் மேடும் கடந்து ஓடும் வயல்வெளி நெட்டோட்டத்திலும் அவர் கழகத்தின் சார்பில் ஓடினார். கல்வி முடிந்த பின்னரும் கழகத்தோடு கொண்ட தொடர்பு அறவில்லை. காயமுற்ற வீரர்க்குக் கட்டிட்டு, தசை பிடித்துவிட்டு, உடல்நலம் பேணும் பணியாளராகவும் அவர் நெடுங்காலம் உழைத்தார். புகழ்பெற்ற கூடைப்பந்துப் பயிற்றுநர் யோன் வூடனின் அணியைப் பேணியவரும் அவரே. 1947 முதல் 1964 வரை மெய்வல்லுநர் அணியின் தலைமைப் பயிற்றுநராய் விளங்கினார். 1956 இல் அவ்வணி முதன்முறையாக அமெரிக்கக் கல்லூரிகளின் தேசிய வெற்றிவிருதை ஈட்டியது.

வயல்வெளி நெட்டோட்டம் அவர் கற்பித்த கலைகளுள் ஒன்று. இங்கிலாந்தின் பழைய பள்ளிகளிலே தோன்றிய இவ்வோட்டத்திற் புள்ளியிடும் முறை சிந்தித்தற்குரியது. ஓர் அணியின் சார்பில் எழுவர் ஓடுவர். அவருள் முதல் ஐவர் பெற்ற இடங்களின் கூட்டுத்தொகையே அணியின் புள்ளி. தொகை எவ்வணிக்குக் குறைவோ அதற்கே வெற்றி. முதலாமவன் முந்தி வந்தாலும் ஐந்தாமவன் தளரின் அணி தோற்கும். ஆகவே இவ்வோட்டத்தைக் கற்பிப்பவர் முதல்வனை மட்டுமன்றிக் கடைநிலையானையும் சமமாகப் பேணியே ஆகவேண்டும். காயங்களைக் கட்டும் தொழிலும் அதனையே கற்பிக்கும். வலி சிறந்தவனுக்கும் சாதாரணனுக்கும் ஒன்றே. டிறேக்கின் நடுநிலைக்கு இவ்விரு தொழில்களும் வித்திட்டன எனக் கருதுவது பொருந்தும்.

அவர் பயிற்றுநராய் இருந்த காலத்தில் அக்கழகத்தை நாடி ஆசிய மாணவரும் வந்தனர். நம் நாட்டவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் அவருள் ஒருவர். 1934 இற் பிறந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்ற அவர், உயரம் பாய்தலில் 1952 இல் ஹெல்சிங்கியிலும் 1956 இல் மெல்போர்ணிலும் ஒலிம்பிக் களங்கண்டவர். 1958 இல் தோக்கியோவில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் பாய்ந்து, இலங்கைக்கு அவ்விழாவின் முதற் பொற்பதக்கத்தை ஈட்டியவர். லொஸ் ஏஞ்சலிசிற் பட்டம்பெற்ற பின் கோர்ணெல் பல்கலைக்கழகத்திற் கலாநிதியாகி, ஆபிரிக்க நாடுகளிலும் கற்பித்து, 2024 இல் மறைந்தார்.

அதே தோக்கியோ விழாவில், டெக்கத்லன் என்னும் பத்து நிகழ்ச்சிப் போட்டியில் வென்றவர் தாய்வானின் யாங் சுவான்-குவாங். அம்மிஸ் என்னும் பழங்குடியிற் பிறந்த அவரும் லொஸ் ஏஞ்சலிசுக்கு வந்து டிறேக்கின் மாணவரானார். அங்கு அவர்க்கு முன்னரே அதே போட்டியிற் பயின்றுவந்தவர் றேபர் ஜோன்சன் என்னும் கறுப்பின மாணவர்; 1956 மெல்போர்ண் ஒலிம்பிக்கிலே வெள்ளிப்பதக்கம் பெற்றவர்; கழக மாணவரின் தலைவராகவும் தெரிவானவர். 1959 இல் வாகன விபத்தில் முதுகிற் காயமுற்ற ஜோன்சன் நெடுநாள் பயிற்சியின்றி இருக்க நேர்ந்தது. மீண்டும் களத்துக்கு வந்தபோது, அவரும் யாங்கும் ஒரே களத்தில் ஒரே ஆசானிடம் பயின்று நண்பராயினர். உலகில் ஒருவரையொருவர் வெல்லத்தக்கவர் தாம் இருவருமே என்பதை இருவரும் அறிவர்.

1960 செப்ரெம்பர் 5, 6 ஆகிய நாள்களில் உரோமையிற் போட்டி நிகழ்ந்தது. முதல்நாள் மழையால் நிகழ்ச்சிகள் இரவுவரை நீண்டன. ஓட்டங்களிலும் பாய்தல்களிலும் யாங் மேலோங்கினார். குண்டு போடுதல், தட்டெறிதல், ஈட்டி எறிதல் ஆகிய மூன்றிலும் ஜோன்சன் முந்தினார். ஒன்பது நிகழ்ச்சிகள் முடிந்தபோது ஜோன்சன் 67 புள்ளிகளால் முன்னின்றார். எஞ்சியது 1500 மீற்றர் ஓட்டம் ஒன்றே. அதில் ஏறத்தாழ 10 செக்கன் முந்தினால் யாங்குக்குப் பொற்பதக்கம். அவ்வோட்டத்தில் அவர் ஜோன்சனிலும் வல்லவர்.

அவ்விரவிலே இருவரும் தனித்தனியே டிறேக்கிடம் அறிவுரை நாடினர். யாங்கிடம், தொடக்கத்திலேயே விரைந்து இடைவெளியை அகலச் செய்யுமாறு கூறினார். ஜோன்சனிடம், யாங்கின் காலடியை விட்டு விலகாது இறுதிவரை ஒட்டியே ஓடுமாறு கூறினார். இரண்டும் ஒன்றையொன்று முறியடிக்கும் உபாயங்கள். ஆயினும் இரண்டும் உண்மையானவை. ஒருவர்க்குரிய நல்லுரையை மற்றவர் பொருட்டு அவர் மறைக்கவுமில்லை, குறைக்கவுமில்லை. தம் நாட்டவன் என்பதாலோ, முன்னர்ச் சேர்ந்தவன் என்பதாலோ ஜோன்சன் பக்கம் கோல் சாயவில்லை.

யாங் 4 நிமிடம் 48.5 செக்கனில் ஓடி முடித்தார். ஜோன்சன் 4 நிமிடம் 49.7 செக்கனில், அதுவரை தாம் ஓடிய யாவற்றினும் விரைவாக ஓடி, 1.2 செக்கன் மட்டுமே பின்தங்கினார். பத்தில் ஏழு நிகழ்ச்சிகளில் யாங் முந்தியிருந்தும் மொத்தத்தில் ஜோன்சன் 8392, யாங் 8334 என முடிந்தது. கோட்டைக் கடந்ததும் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நின்றனர். யாங்கின் வெள்ளியே தாய்வான் பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம்.

தோற்ற மாணவன் பின்னர் என்ன செய்கிறான் என்பதைக் கொண்டே ஆசானின் நடுநிலையை அளக்கலாம். யாங் டிறேக்கை வெறுத்து அகலவில்லை. 1963 இல் கலிபோர்னியாவில் 9121 புள்ளி பெற்று, அக்கால முறைப்படி 9000 ஐக் கடந்த முதல்வராய் உலக சாதனை படைத்தார். ஜோன்சன் 1984 இல் லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கின் தீபத்தை ஏற்றினார். இருவர்க்கும் ஆசானாயிருந்தவரின் பெயர் எந்தப் பதக்கப் பட்டியலிலும் இல்லை. எனினும் அவர் பணியாற்றிய கழகம் 1973 இல் தன் விளையாட்டரங்குக்கு டிறேக்கின் பெயரையே சூட்டியது. 1988 இல் அவர் மறைந்தார்.

நம் மட்டக்களப்பிலும் இதனை ஒத்ததொரு நன்றியறிதல் உண்டு. புனித மிக்கேல் கல்லூரியில் இளைஞரைப் பயிற்றி, இவ்வூரையே தம் ஊராக்கிக்கொண்ட அமெரிக்க யேசுசபைத் துறவி வெபர் அடிகளாரின் பெயரை நகரின் விளையாட்டரங்கு தாங்கி நிற்கிறது. ஆனால், அரங்கோ பதாகையோ இன்றி வாவிக்கரைப் பாடசாலைகளிலே உழைத்த பயிற்றுநர் எத்துணையர்! விடியுமுன் மாணவரைக் கடற்கரை மணலில் ஓடவிட்டு, பள்ளி விட்டபின் வெறுங்காலோடு தாமும் உடன் ஓடிய ஆசிரியரை அறியாத ஊர் இங்கு உண்டோ? இல்ல விளையாட்டுப் போட்டிகளின் சாதனைப் பலகைகளிலே மாணவர் பெயரும் ஆண்டும் உள. ஆசானின் பெயர் இல்லை. எஞ்சிய படங்களும் ஏடுகளும் வீடுகளில் இருந்தன. 1978 ஆம் ஆண்டுச் சூறாவளியும், நெடும்போரும், 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும் அவற்றுட் பலவற்றைக் கொண்டு சென்றன. எஞ்சியிருப்பது முதியோர் நினைவு மட்டுமே. அதுவும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றது.

ஆதலின் பழைய மாணவர் ஒவ்வொருவரும் தம்மை ஓடப் பழக்கியவரின் பெயரையும், அவர் கற்பித்த காலத்தையும், பயிற்றிய முறையையும் எழுதிக் கல்லூரிக்குத் தருதல் வேண்டும். எழுதுங்கால், அவர் வெற்றியாளனை உருவாக்கினாரா என்று மட்டும் கேளற்க. ஐந்தாவதாக ஓடியவனை எவ்வாறு நடத்தினார் என்பதையும் கேட்டு எழுதுக. நிறைகோலின் பெருமை அது தாங்கிய பொன்னால் அளக்கப்படுவதன்று. சாயாது நின்றமையால் அளக்கப்படுவது.