அறுபது நாள், ஆறு மாசம், கெடு இல்லை, மறுபடியும் ஆறு மாசம்

இந்த எபிசோடை ஒரு சொந்தக் கதையில ஆரம்பிக்கிறேன்.

போன டிசம்பர், விடுமுறைக் கூட்டம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறிட்டிருந்தேன். பர்லியார் தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவு. மேலேருந்து இறங்கின ஒரு டூரிஸ்ட் கார், வளைவை அகலமா எடுத்து நேரா என் பக்கம் வந்துடுச்சு. பம்பரும் ஹெட்லைட்டும் போச்சு. யாருக்கும் அடி இல்லை. மலை ரோட்டில் இடம் குறுகலா இருந்தா ஏறுற வண்டிக்குத்தான் வழி விடணும்னு விதியே இருக்கு. அந்த டிரைவரும் தப்பை ஒத்துக்கிட்டார்.

ஆனா கிளைம் பண்ணது என்னோட பாலிசியில்தான். காரணம், எதிர்க் காரோட இன்சூரன்ஸிலிருந்து பணம் வரணும்னா தீர்ப்பாயத்தில் மனு போடணும். ஒரு பம்பருக்காக யார் கோர்ட்டுக்கு அலைவாங்க? தப்பு அவருடையது, போனது என்னோட நோ கிளைம் போனஸ். சரி, அது சின்ன விஷயம்.

பெரிய விஷயம், ஸ்டேஷன்ல உட்கார்ந்திருந்தப்ப பக்கத்துல இருந்த ஒரு அக்கா. எஸ்டேட்ல கொழுந்து பறிக்கிறவங்க. ரோட்டோரமா நடந்து வந்த அவங்க வீட்டுக்காரரை ஒரு டூரிஸ்ட் கார் அடிச்சிருக்கு. கோயம்புத்தூர்ல ரெண்டு ஆபரேஷன், காலில் கம்பி. எட்டு மாசம் ஓடிப்போச்சு. ஏதோ நகல் வாங்க வந்தவங்க என்கிட்ட கேட்டாங்க: "தம்பி, படிச்ச புள்ள மாதிரி இருக்க. கேஸ் போட இன்னும் டைம் இருக்கா?"

நான் எப்பவோ படிச்ச ஞாபகத்துல, "அதுக்கெல்லாம் கெடு கிடையாதுக்கா, எப்ப வேணா போடலாம்"னு சொல்லிட்டேன்.

வீட்டுக்கு வந்து சரிபார்த்தேன். நான் சொன்னது 1994-ஓட பதில். 2022-லயே அது மாறியாச்சு. அந்தக் குற்ற உணர்ச்சியில தேடினதுதான் இன்னைக்கு எபிசோட்.

முதல்ல, இந்தப் பணம் எங்கிருந்து வருது? 1855-ல் உயிரிழப்பு விபத்துச் சட்டம் வந்தது. அடுத்தவர் தவறால் ஒருத்தர் இறந்தா, குடும்பம் நஷ்டஈடு கேட்கலாம். உரிமை காகிதத்தில் இருந்தது. நடைமுறையில் சிவில் கோர்ட், கேட்கிற தொகைக்கு ஏத்த கோர்ட் ஃபீஸ். ஜெயிச்சாலும், கார் ஓட்டினவரிடம் காசு இல்லைன்னா தீர்ப்பை ஃபிரேம் போட்டு மாட்டிக்க வேண்டியதுதான்.

இந்த ரெண்டாவது சிக்கலுக்கு 1930-ல் பிரிட்டன் ஒரு வழி கண்டுபிடிச்சது: தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இல்லாம வண்டி ரோட்டுக்கே வரக்கூடாது. இந்தியாவில் 1939 மோட்டார் வாகனச் சட்டத்தில் அது சேர்ந்தது. ஆனா அந்த அத்தியாயம் அமலுக்கு வந்தது 1946 ஜூலை 1-ல்தான். தப்பு பண்ணது ஒருத்தர், பணம் கொடுக்கிறது இன்னொருத்தர். இன்னைக்கு நாம சாதாரணமா எடுத்துக்கிற ஏற்பாடு இது.

கோர்ட் ஃபீஸ் சிக்கலுக்கு 1956 திருத்தத்தில் தனித் தீர்ப்பாயங்கள் வந்தன. நீலகிரியில் ஊட்டி மாவட்ட நீதிமன்றம் செய்யிற வேலை அதுதான். இங்கேதான் நம்ம கதையோட கடிகாரம் ஓட ஆரம்பிக்குது. சிவில் கோர்ட்டில் ஒரு வருஷம் டைம் இருந்தது. ஏழைகளுக்காக வந்த தீர்ப்பாயத்தில் எவ்வளவு தெரியுமா? 60 நாள்! தகுந்த காரணம் இருந்தா தாமதத்தை மன்னிக்கலாம், அவ்வளவுதான். 1969-ல் அதை 6 மாசமா நீட்டினாங்க.

இடையில் 1980-ல் நம்ம ஊர் வழக்கு ஒண்ணு. என்.கே.வி. பிரதர்ஸ் கம்பெனி பஸ் இருட்டில் தொங்கிட்டிருந்த உயர் அழுத்த மின்கம்பியில் மோதி, எட்டுப் பேர் அங்கேயே இறந்தாங்க. கிரிமினல் வழக்கில் டிரைவர் விடுதலை. "அப்போ நாங்க ஏன் பணம் கொடுக்கணும்?"னு கம்பெனி உச்ச நீதிமன்றம் போச்சு. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் ஏத்துக்கலை. தண்டனைக்குத் தேவையான நிரூபணம் வேற, இழப்பீட்டுக்குத் தேவையானது வேறன்னு தெளிவாச்சு. போதுமான தீர்ப்பாயங்களை அமைக்கணும், சீக்கிரம் முடிக்கணும்னும் சொன்னார். ரெண்டு வருஷத்தில், 1982-ல், யார் தப்புன்னு பார்க்காமலே உயிரிழப்புக்கு 15,000 ரூபாய், நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாய்னு சட்டம் வந்தது.

1988-ல் புதுச் சட்டம். கெடு அதே 6 மாசம். ஆனா ஒரு பூட்டும் போட்டாங்க: 12 மாசம் தாண்டினா, தீர்ப்பாயமே விரும்பினாலும் மனுவை எடுக்க முடியாது. 1990 டிசம்பரில் நடந்த ஒரு விபத்து. மனு போட்டது அடுத்த டிசம்பரில், அந்த 12 மாசத்தைத் தாண்டி வெறும் சில நாள் தாமதம். தள்ளுபடி. உயர் நீதிமன்றத்திலும் அதே. எங்க வேலையில் இதை டைம்அவுட்னு சொல்வோம். சர்வர் திரும்பக் கூப்பிடும், கவலை இல்லை. இங்கே திரும்பக் கூப்பிட வழி இல்லை.

1994-ல் நாடாளுமன்றம் கெடுவையே எடுத்துடுச்சு. 1996-ல் உச்ச நீதிமன்றம் மேலே சொன்ன வழக்குக்கும் அந்தப் பலனைக் கொடுத்தது. அதே 1994 திருத்தம் இன்னொரு நல்லதும் பண்ணுச்சு. மனு போடுறவர் தான் வசிக்கிற ஊரிலேயே போடலாம். அதுக்கு முன்னாடி குன்னூர் மலைப்பாதையில் அடிபட்ட ராமநாதபுரத்துக்காரர், ஒவ்வொரு வாய்தாவுக்கும் மலை ஏறணும்.

அப்புறம் 2019 திருத்தம். 2022 ஏப்ரல் 1 முதல் மறுபடியும் 6 மாசம். இந்தத் தடவை தாமதத்தை மன்னிக்கிற வரியே இல்லை. 1956-ல்கூட இருந்த வரி அது. வருஷக்கணக்கில் கழிச்சு வர்ற கிளைம்களில் போலி நுழையுது, சாட்சியம் அழிஞ்சுடுதுங்கிறது இன்சூரன்ஸ் தரப்பு வாதம். அதில் நியாயமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா காலில் கம்பியோட படுத்திருக்கிறவருக்கு ஆறு மாசம்ங்கிறது ஆஸ்பத்திரியிலேயே முடிஞ்சுடும்.

எதிர் வாதமா ஒண்ணு சொல்லலாம். அதே 2022 விதிகள்படி போலீஸ் 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாளில் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்பணும். அந்த அறிக்கையையே மனுவா எடுத்துக்கலாம். ஒழுங்கா நடந்தா அந்த அக்கா எங்கேயும் ஓட வேண்டியதில்லை. அந்த "ஒழுங்கா"வில்தான் எல்லாமே இருக்கு.

இந்த 6 மாசக் கெடுவை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கு. காலதாமதம்னு சொல்லி மனுக்களைத் தள்ளுபடி பண்ணக்கூடாதுன்னு 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு போட்டிருக்காங்க. அதாவது, நான் தப்பாச் சொன்ன பதில் இப்போதைக்குத் தப்பிச்சிருக்கு. நாளைக்கு இறுதித் தீர்ப்பு வேற மாதிரி வந்தா தப்பிக்காது.

அடுத்த வாரமே எஸ்டேட் லைன் வீட்டைத் தேடிப் போனேன். "அக்கா, நான் சொன்னதை நம்பித் தள்ளிப் போடாதீங்க. ஊட்டியில மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காம இலவசமா வக்கீல் வெச்சுத் தருவாங்க. நாளைக்கே போங்க. ஸ்டேஷன்ல விபத்து அறிக்கை தீர்ப்பாயத்துக்குப் போச்சான்னும் கேளுங்க"ன்னு சொன்னேன்.

அவங்க ஒரு கேள்விதான் கேட்டாங்க. "நாளைக்கு லீவு போட்டா ஒரு நாள் கூலி போகுமே தம்பி?"

சட்டத்தில் 60 நாள், 6 மாசம்னு எழுதுறவங்க இந்தக் கூலி நாளைக் கணக்கில் சேர்த்ததே இல்லை. உங்களுக்குத் தெரிஞ்ச யாருக்காவது விபத்து நடந்திருந்தா, எல்லாத்துக்கும் முன்னாடி தேதியைக் கேளுங்க. முடிஞ்சா அவங்களுக்காக ஒரு நாள் நீங்க லீவு போட்டுக் கூடப் போங்க.

அடுத்த எபிசோடில் பார்ப்போம். மலையில் மெதுவா இறங்குங்க.