அக்ரானுலோசைட்டோசிஸ்

வாயில் நுழையாத பெயர். பிரித்தால் வழிக்கு வரும்: கிரேக்க 'அ' இன்மையைக் குறிக்கும், லத்தீன் 'கிரானுலம்' சிறுமணி, 'சைட்டோ' உயிரணு, 'ஓசிஸ்' நோய்நிலை. சிறுமணி கொண்ட வெள்ளணுக்கள், குறிப்பாக நியூட்ரோஃபில்கள், ரத்தத்தில் அடியோடு குறைந்துபோன நிலை இது. ஒரு மைக்ரோலிட்டரில் ஆயிரக்கணக்கில் இருக்க வேண்டியவை 500க்கும் கீழே இறங்கிவிடும்.

1922இல் பெர்லின் மருத்துவர் வெர்னர் ஷூல்ட்ஸ் இதை விவரித்தார். கடுங்காய்ச்சல், தொண்டையில் அழுகும் புண். அதனால் 'அக்ரானுலோசைட்டிக் ஆஞ்சைனா' என்றும் பெயர். ஆஞ்சைனா என்றால் நமக்கு நெஞ்சுவலிதான். லத்தீனில் அது முதலில் தொண்டை நோய். நெஞ்சுக்கு அதை இடம் மாற்றியவர் 18ஆம் நூற்றாண்டின் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன்.

ஏன் தொண்டை? வாயிலும் தொண்டையிலும் பாக்டீரியாக்கள் எப்போதும் குடியிருக்கின்றன. அவற்றை அடக்கி வைப்பதில் நியூட்ரோஃபில்களுக்குப் பெரும்பங்கு. காவல் போனதும் டான்சில், ஈறு, அண்ணம் எங்கும் சாம்பல் படிந்த புண்கள். விசித்திரம், சீழ் அநேகமாக இராது. சீழ் என்பதே பெரும்பாலும் செத்த நியூட்ரோஃபில்கள்தானே!

காரணம் பல வேளை மருந்துதான். அன்று அமிடோபைரின் என்ற வலி மாத்திரை. இன்று தைராய்டுக்குத் தரும் கார்பிமசோல், மனநோய்க்கான குளோசபின். அபூர்வமாகவே நேரும். ஆனாலும் கார்பிமசோல் சாப்பிடுபவருக்குக் காய்ச்சலோடு தொண்டை வலித்தால், உப்புநீர் கொப்பளித்துக் காத்திருக்கக் கூடாது. மாத்திரையை நிறுத்தி, அன்றே மருத்துவரிடம் போய் வெள்ளணு எண்ணிக்கை பார்த்துவிட வேண்டும்.