பார்சலில் வரும் போனும் அதன் மேல் ஏறிய வரிகளின் வயதும்

வெளிநாட்டுத் தளமொன்றில் டெப்லட் ஓடர் பண்ணும்போது பார்த்த விலை ஒன்று. வாசலில் வந்து நிற்கும் கூரியர் தம்பி கேட்கும் தொகை இன்னொன்று. "இதென்ன பகல் கொள்ளை" என்று அந்தத் தம்பியோடு சண்டை பிடிப்பவர்களை நம்மூரில் நிறையப் பார்த்துவிட்டேன். பாவம், அவர் கையில் இருப்பது ஒரு துண்டு மட்டும்தான். அந்தத் துண்டில் நாலைந்து வரிகளின் பெயர் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறந்த ஆண்டு உண்டு, பிறந்த காரணமும் உண்டு. வரலாறு படிப்பிக்கிற ஆள் என்பதால் எனக்கு அதில்தான் கண் போகிறது.

கடலால் வரும் பொருளில் அரசு பங்கு கேட்பது இந்தத் தீவுக்குப் புதிதில்லை. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டுக் கல். அன்றைய ஊராத்துறைக்கு, அதாவது ஊர்காவற்றுறைக்கு, வரும் வெளிநாட்டு வணிகரைப் பற்றிப் பேசுகிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனின் பண்டாரத்துக்கு, மிச்சம் உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் சரிபாதி பண்டாரத்துக்கு. இது உடைந்த கப்பலுக்கான விதிதான், இறக்குமதி வரி இல்லை. ஆனாலும் அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. படை நடத்தும் அரசனுக்கு யானையும் குதிரையும் அவசியம், அதனால் அவற்றின் மேல் கை மெல்ல விழுகிறது. மற்றதெல்லாம் வெறும் சரக்கு. எது குதிரை, எது சரக்கு என்று தீர்மானிப்பது யார் என்பதுதான் இன்றைக்கும் உள்ள பிரச்சினை.

இன்று நமது பார்சலைத் திறந்து பார்க்கும் அதிகாரம் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்திலிருந்து வருகிறது. 1869ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுங்கக் கட்டளைச் சட்டம். சுயஸ் கால்வாய் திறந்த அதே வருடம். எத்தனையோ தடவை திருத்தியிருக்கிறார்கள், அடித்தளம் இன்னும் அதுதான்.

வானொலி, ரேடியோகிராம் எல்லாம் ஆடம்பரம் என்ற முத்திரை குத்தப்பட்டது சுதந்திரத்துக்குப் பிறகு, டொலர் தட்டுப்பாட்டால். 1960களின் தொடக்கத்திலேயே இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. 1968இல் வெளிநாட்டுச் செலாவணி உரிமைச் சான்றிதழ் முறை வந்தது. அரிசி, மா போன்றவற்றுக்கு ஒரு டொலர் விலை. அவசியமில்லை என்று ஒதுக்கியவற்றுக்கு மேலதிகக் கட்டணம் சேர்த்து இன்னொரு விலை. 1969இல் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1970க்குப் பிறகு நிலைமை இன்னும் இறுகியது. வரியைக் கட்டிப் பொருளை எடுப்போம் என்றால்கூட முடியாது. அனுமதிப் பத்திரம் இல்லையென்றால் கையில் காசிருந்தும் பொருள் வராது. அந்தக் காலத்தில் ஊருக்கு ஒன்றிரண்டு ரேடியோ, அதைச் சுற்றி ஒரு கூட்டம். மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

1977 நவம்பரில் இரண்டு டொலர் விலையும் ஒன்றாக்கப்பட்டது. ஒரு டொலர் 16 ரூபாய் என்று தொடங்கியது. இறக்குமதிக் கதவும் திறந்தது. 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சி, 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி. நம் ஊர்களில் கதவைத் திறந்தது கொழும்புக் கடைகளை விடவும் வளைகுடாதான். சவூதிக்கும் குவைத்துக்கும் போன வாப்பாமாரும் உம்மாமாரும் இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வரும்போது நெஷனல் டூ-இன்-வன், சோனி டீவி, சுவர் மணிக்கூடு எல்லாம் பெட்டியில் வந்தன. கயிறு சுற்றிக் கட்டிய பெரிய அட்டைப்பெட்டி, அதன் நாலு பக்கமும் கறுப்பு மையில் பெயரும் ஊரும். கட்டுநாயக்காவில் அந்தப் பெட்டியோடு நின்றவர்களுக்குத்தான் சுங்கம் என்ற சொல்லின் உண்மையான பொருள் தெரியும். பயணப் பொதிச் சலுகைக்குள் அடங்குமா, அடங்காவிட்டால் எவ்வளவு கேட்பார்கள் என்ற பயத்திலேயே பலருக்கு விமானத்தில் தூக்கம் வந்திருக்காது. வீட்டு வேலை செய்து உழைத்த உம்மாவின் இரண்டு வருடம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. பொருளின் பெறுமதியைக் கணிக்கும் அதிகாரிக்கு அது வெறும் டீவி.

பிறகு, தேவை வரும்போதெல்லாம் ஒரு வரி பிறந்தது. 1979ஆம் ஆண்டு ஏற்றுமதி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் செஸ் வந்தது. யுத்தச் செலவுக்கு 1990களின் தொடக்கத்தில் தேசிய பாதுகாப்பு வரி. 1998 ஏப்ரலில் 12.5 வீதத்தில் பொருட்கள் சேவைகள் வரி. 2002 ஓகஸ்டில் இந்த இரண்டையும் எடுத்துவிட்டுப் பெறுமதி சேர் வரி, நாம் வற் என்று சொல்வது. பாதுகாப்பு வரியின் பெயர்தான் போனது, காசு வற்றுக்குள் கலந்துவிட்டது. துறைமுக, விமான நிலைய அபிவிருத்தி வரி 2011ஆம் ஆண்டுச் சட்டத்தில் 5 வீதம், பிறகு 7.5, இப்போது பொது விகிதம் 10. 2009இல் வந்த தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி 2019 டிசம்பரில் போனது. அது போன இடத்தில் 2022 ஒக்டோபரில் 2.5 வீத சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி வந்து உட்கார்ந்தது. இவற்றில் எதுவும் போனையோ லெப்டொப்பையோ நினைத்துப் பிறந்ததில்லை. யுத்தம், துறைமுகம், கடன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம். துறைமுகத்தில் நின்று வசூலிப்பது லேசு, ஆகவே அங்கே போய் ஏறிக்கொண்டன.

இனிக் கணக்கைப் பார்ப்போம், அதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சுங்கம் வரி போடுவது பொருளின் விலைக்கு மட்டுமில்லை. அதோடு கப்பல் அல்லது விமானக் கூலி, காப்புறுதி எல்லாம் சேரும். அப்படிச் சேர்ந்த தொகை ஒரு லட்சம் ரூபாய் என்று வையுங்கள். சுங்கத் தீர்வை பூச்சியம், துறைமுக வரி 10 வீதம் என்றும் வைப்போம். விகிதம் பொருளுக்குப் பொருள் மாறும், இது உதாரணத்துக்கு. துறைமுக வரி 10,000. வற் போடும்போது அந்த ஒரு லட்சத்தை முதலில் 10 வீதம் உயர்த்துகிறார்கள். 110,000. அதோடு துறைமுக வரியையும் கூட்டுகிறார்கள். 120,000. அதில் 18 வீதம் 21,600. சமூகப் பாதுகாப்பு வரியைச் சேர்க்காமலே 31,600 ஆகிவிட்டது. வரியின் மேல் வரி என்று ஊரில் சொல்வது வெறும் கோபப் பேச்சில்லை. சட்டத்தில் உள்ள கணக்கே அப்படித்தான். வியாபாரி இலாபம் வைத்து விற்பார் என்றால் அந்த 10 வீத உயர்வுக்கு ஒரு பொருள் இருக்கும். தன் மகளுக்குப் படிக்க லெப்டொப் எடுப்பவர் யாரிடம் இலாபம் வைக்கப் போகிறார்? வற் பதிவுள்ள வியாபாரி துறைமுகத்தில் கட்டிய வற்றைப் பிறகு தன் கணக்கில் கழித்துக்கொள்வார். நமக்கு அந்த வழியும் இல்லை.

விகிதம் மாறாமலே வரி கூடும் இன்னொரு வழி டொலர். 2022 மார்ச்சில் 200 ரூபாயை அண்டி இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. 100 டொலர் பொருளின் பெறுமதி 20,000 இலிருந்து 36,000 ஆனது, வரியும் அதே அளவில் ஏறியது. போதாதென்று வற் 2022 ஜூனில் 8 இலிருந்து 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. அந்த ஜனவரியில்தான் கையடக்கத் தொலைபேசிக்கு இருந்த வற் விலக்கும் போனது.

என்னை இன்னும் உறுத்துவது அதற்கு முந்திய வருடம். 2021 செப்டெம்பரில் மத்திய வங்கி 623 பொருட்களுக்கு நூறு வீதப் பண வைப்பு வேண்டும் என்றது. முழுப் பணத்தையும் வங்கியில் கட்டினால்தான் இறக்குமதி. அவசியமற்றவை என்ற அந்தப் பட்டியலில் மின்விசிறி, டீவியோடு கையடக்கத் தொலைபேசியும் இருந்தது. பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்த காலம். பாடம் போனில்தான் என்று அரசே சொன்ன காலம். (ஆசிரியர்கள் சம்பளப் போராட்டத்தில் இணையவழிக் கற்பித்தலை விட்டு விலகியிருந்ததும் அப்போதுதான். அதையும் மறைக்கக் கூடாது.) மூன்று பிள்ளைகள், ஒரே போன், அதுவும் வாப்பா வேலைக்குக் கொண்டுபோய்விடுவார் என்ற வீடுகள் எத்தனை! சில வாரங்களில் அந்த உத்தரவு விலக்கப்பட்டது. ஆனால் 1968இல் ரேடியோவுக்குக் குத்திய முத்திரை 53 வருடத்துக்குப் பிறகும் மேசை லாச்சியில் பத்திரமாக இருந்திருக்கிறது. பிள்ளையின் போன் அன்றைக்கும் சரக்குத்தான், குதிரை ஆகவில்லை.

தம்பிமாருக்கு இரண்டு விஷயம். "அன்பளிப்பு என்று எழுதச் சொன்னால் வரி வராது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எழுதிய விலையில் சந்தேகம் வந்தால் அதை ஏற்காமல் வேறு முறையில் பெறுமதி கணிக்க 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இடமிருக்கிறது. பொய் விலை எழுதுவது நமக்கு ஹலாலான வேலையும் இல்லை. மற்றது, காசைக் கொடுத்துவிட்டுப் பெட்டியை மட்டும் வாங்காமல் வரி விபரத் துண்டையும் கேட்டு வாங்குங்கள். அதில் எச்.எஸ். குறியீடு இருக்கும். லெப்டொப்பும் டெப்லட்டும் 8471இல் தொடங்கும், போன் 8517, டீவி 8528. குறியீடு மாறினால் விகிதமும் மாறும். பிழையாகப் போட்டிருந்தால் எழுத்தில் கேளுங்கள். தமிழிலேயே எழுதலாம், துண்டின் பிரதியையும் சேர்த்து அனுப்புங்கள்.